ஒளிவட்டமும் உருண்டையும்: முகலாய அரசர் படங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓவியம் படிக்கும் பிள்ளைகளுக்கும், அவ்வப்போது நூலகக் கூட்டங்களுக்கும் முகலாயச் சிற்றோவியங்களைத் திரையில் போட்டுக் காட்டுவேன். ஜஹாங்கீர், ஷாஜகான் படங்கள்தான் பெரும்பாலும். ஊர் மாறும், கூட்டம் மாறும், கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. ஒவ்வொரு முறையும் வாயால் சொல்வதற்குப் பதில் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

இத்தனை பேர் நிற்கிறார்கள், எல்லாரும் தலைப்பாகை கட்டியிருக்கிறார்கள். இதில் யார் அரசர்?

முதலில் தலைக்குப் பின்னால் பாருங்கள். தங்க நிறத்தில் ஒரு வட்டம் இருந்தால் அவர்தான். வட்டம் இல்லையென்றால், யார் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார், யார் தலைக்கு மேல் குடை இருக்கிறது, யாருக்குப் பின்னால் ஒருவர் சாமரம் வீசுகிறார் என்று பாருங்கள். தலைப்பாகையில் கருப்பு இறகு செருகியிருப்பதும் ஓர் அடையாளம்தான். ஆனால் அதை இளவரசர்களிடமும் பார்க்கலாம் என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

எந்த அரசர் என்பது அடுத்த கேள்வி. மீசை மட்டும் வைத்து, காதோரம் கிருதா இறங்கியிருந்தால் ஜஹாங்கீர். ஒழுங்காகக் கத்தரித்த தாடி என்றால் ஷாஜகான். வெள்ளைத் தாடியும் கூன் விழுந்த முதுகும் என்றால் வயதான ஔரங்கசீப். நூற்றுக்குத் தொண்ணூறு முறை இது போதும்.

தலைக்குப் பின்னால் சாமி படத்தில் இருக்கிற மாதிரி வட்டம் போட்டிருக்கிறார்களே, முஸ்லிம் அரசருக்கு அது எப்படி?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். 1580இல் ஏசு சபைப் பாதிரியார்கள் ஃபதேபூர் சிக்ரிக்கு, அக்பரின் அவைக்கு வந்தார்கள். கூடவே ஐரோப்பாவில் அச்சான படங்களையும் படங்கள் போட்ட பைபிளையும் கொண்டுவந்தார்கள். ஏசு, மரியாள், புனிதர்கள் தலைக்குப் பின்னால் இருந்த வட்டத்தை அவை ஓவியர்கள் கவனித்தார்கள், எடுத்துக்கொண்டார்கள். கொண்டுவந்தவர்கள் அதைப் புனிதத்தின் அடையாளமாக நினைத்தார்கள். எடுத்துக்கொண்டவர்கள் அரசாட்சியின் அடையாளமாக மாற்றிவிட்டார்கள்.

அப்படி மாற்ற வசதியாக ஒரு கருத்து ஏற்கெனவே இங்கே இருந்தது. அரசுரிமை என்பது இறைவனிடமிருந்து வரும் ஒளி, சூரியனின் கதிர் என்று அக்பரின் வரலாற்றாசிரியர் அபுல் ஃபஸல் எழுதினார். அக்பரின் மகன் சலீம் 1605இல் அரியணை ஏறியபோது வைத்துக்கொண்ட பட்டப்பெயர் நூருத்தீன் ஜஹாங்கீர். நூர் என்றால் ஒளி. ஆக, ஒளியைப் பேரிலேயே வைத்திருப்பவருக்கு ஓவியர் ஒரு வட்டம் போட்டதில் ஆச்சரியம் இல்லை. அக்பர் உயிரோடு இருந்தபோது வரைந்த படங்களில் பெரும்பாலும் வட்டம் கிடையாது. மகன் காலத்துக்குப் பிறகுதான் அப்பாவுக்கும் சேர்த்துப் போட்டார்கள்.

ஏன் எப்போதும் பக்கவாட்டு முகம்? முன்பக்கம் வரையத் தெரியாதா?

நன்றாகவே தெரியும். அதே படத்தில் நிற்கும் வேலைக்காரர், வெளிநாட்டுத் தூதர், தேவதைக் குழந்தை இவர்களையெல்லாம் முக்கால் முகமாக வரைந்திருப்பார்கள். அக்பர் காலத்தில் அரசரையும் அப்படி வரைந்தார்கள். ஜஹாங்கீர் காலத்தில் அரசருக்குப் பக்கவாட்டு முகம் வழக்கமாகி, ஷாஜகான் காலத்தில் ஏறக்குறைய சட்டமாகவே ஆகிவிட்டது.

நாணயத்தில் இருக்கும் தலையை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டு முகம் நம்மைப் பார்ப்பதில்லை, நம்மிடம் எதையும் கேட்பதில்லை. கோபமா சிரிப்பா என்று ஊகிக்க இடமே கிடையாது. தினமும் காலையில் அரசர் மாடத்தில் நின்று மக்களுக்குக் காட்சி தருவார். அதற்கு ஜரோக்கா தரிசனம் என்று பெயர். ‘தரிசனம்’ என்ற நம் கோயில் சொல்லையேதான் அதற்கும் வைத்துக்கொண்டார்கள். பக்கவாட்டு முகம் அந்த மாடத்துக்குப் பொருத்தமான முகம்.

போருக்குப் போகிற மனிதர் கையில் எதற்கு ரோஜாப்பூ?

போருக்குப் போகத் தேவையில்லை என்று காட்டத்தான். பூவை முகர்ந்து பார்க்க நேரம் இருக்கிறது, நாடு அமைதியாக இருக்கிறது, மனிதர் ரசனை உள்ளவர். ஷாஜகான் கையில் பூவுக்குப் பதில் ஒரு ரத்தினக்கல் இருக்கும், அதை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் உண்மையிலேயே கற்களை எடைபோடத் தெரிந்தவர். ஒரு கையில் பூ, இடுப்பில் குத்துவாள் என்று இரண்டையும் ஒரே படத்தில் வைத்துவிடுவது வழக்கம்.

குடை, சாமரம் எல்லாம் நம்ம ஊரிலும் உண்டே. அவர்கள் இங்கிருந்து எடுத்துக்கொண்டார்களா?

குடை பாரசீகத்திலும் உண்டு, இந்தியாவிலும் உண்டு. இரண்டுமே முகலாயர்களுக்கு முன்பே பழையவை என்பதால் இன்னாரிடமிருந்து எடுத்தார்கள் என்று கோடு போடுவது கடினம். வெண்கொற்றக்குடையும் கவரியும் சங்கப் பாட்டிலேயே இருப்பவைதான்.

சாமரத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு மோசிகீரனார்தான் நினைவுக்கு வருவார். முரசு வைக்கும் கட்டில் என்று தெரியாமல் அதில் ஏறித் தூங்கிவிட்ட புலவரை வெட்டாமல், அவர் எழும்வரை சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை கவரி வீசினான் என்று புறநானூற்றின் 50ஆம் பாட்டுக்குக் குறிப்பு சொல்கிறது. அந்தக் கதை நமக்கு ஏன் இன்னும் மறக்கவில்லை? வீசப்படுபவரே வீசினார் என்பதால்தான். சின்னத்துக்கு இவ்வளவு பலம் இருந்தால்தான் அதைத் திருப்பிப் போட்டாலும் இவ்வளவு பலமாக இருக்கும். முகலாய ஓவியர்களும் இந்த மாதிரித் திருப்பலைச் செய்திருக்கிறார்கள், மணல் கடிகாரப் படத்தில் அதைப் பார்ப்போம்.

காலுக்குக் கீழே உருண்டை இருக்கிறதே. பூமி உருண்டை என்று அவர்களுக்குத் தெரியுமா?

தெரியும். அரபு, பாரசீக வானியலாளர்களுக்கு அது பழைய செய்தி. ஆனால் அரசர் கையிலும் காலடியிலும் உருண்டையை வைக்கும் வழக்கம் ஐரோப்பியப் படங்களைப் பார்த்து வந்தது. ஜஹாங்கீர் என்றால் பாரசீகத்தில் ‘உலகைப் பிடிப்பவர்’. ஷாஜகான் என்றால் ‘உலகின் அரசர்’. உருண்டையைப் போட்டாலே பெயர் எழுதியது மாதிரிதான். படத்திலேயே ஒரு சிலேடை!

உலகம் முழுதும் தன்னுடையது என்று சொன்னவருக்கு உலகப்படம் வந்தபோது என்ன நடந்தது தெரியுமா? இங்கிலாந்துத் தூதர் தாமஸ் ரோ, ஐரோப்பிய நிலப்பட வரைவாளர் மெர்கேட்டரின் நிலப்பட நூலை ஜஹாங்கீருக்குப் பரிசாகக் கொடுத்தார். அவையில் யாருக்கும் அதைப் படிக்கத் தெரியவில்லை என்று 1617இல் அது அவரிடமே திரும்பி வந்துவிட்டது.

சிங்கமும் ஆட்டுக்குட்டியும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கின்றன. சிங்கத்துக்குப் பசிக்கவில்லையா?

இந்த அரசர் ஆளும் நாட்டில் வலியவன் எளியவனைத் தின்ன மாட்டான் என்று பொருள். இதுவும் அந்த அச்சிட்ட பைபிள் படங்கள் வழியாக வந்ததுதான், ஆனால் நீதியுள்ள அரசன் என்ற கருத்து பாரசீக மரபில் முன்பே ஊறியிருந்தது. சில படங்களில் மேலிருந்து மணிகள் கட்டிய ஒரு சங்கிலி தொங்கும். அது கற்பனை இல்லை. குறை உள்ளவர் வந்து அடிக்கலாம் என்று ஆக்ரா கோட்டையிலிருந்து ஆற்றங்கரை வரை 60 மணிகள் கோத்த தங்கச் சங்கிலியைக் கட்டச் சொன்னதாக ஜஹாங்கீரே தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். மனுநீதிச் சோழன் மணியைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்கவே வேண்டாம். யார் போய் அடித்தார்கள் என்பது வேறு கதை.

ஒரு படத்தில் ஜஹாங்கீர் சிங்கத்தின் மேல் நின்று இன்னொரு ராஜாவைக் கட்டிப்பிடிக்கிறாரே. அந்தச் சந்திப்பு எப்போது நடந்தது?

நடக்கவே இல்லை. கட்டிப்பிடிக்கப்படுபவர் பாரசீகத்தின் ஷா அப்பாஸ். படத்தை வரைந்தவர் அபுல் ஹசன், காலம் 1618 வாக்கில், இப்போது வாஷிங்டனின் ஃப்ரீர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இது அரசர் கண்ட கனவு என்று படத்திலேயே எழுதியிருக்கிறது. ஷா அப்பாஸின் முகம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள, பிஷன்தாஸ் என்ற ஓவியரை 1613இல் தூதுக்குழுவோடு பாரசீகத்துக்கு அனுப்பியிருந்தார் ஜஹாங்கீர். அவர் திரும்பி வந்தபோது பரிசாக யானை கொடுத்தார்.

படத்தை நிதானமாகப் பாருங்கள். இருவரும் உலக உருண்டையின் மேல், இரண்டு விலங்குகளின் முதுகில் நிற்கிறார்கள். ஜஹாங்கீரின் கால் சிங்கத்தின் மேல். ஷா அப்பாஸின் கால் ஆட்டின் மேல். சிங்கம் தன் எல்லையில் நிற்காமல் பாரசீகம் வரை நீண்டு படுத்து, ஆட்டை மத்தியதரைக் கடல் பக்கம் தள்ளிக்கொண்டிருக்கிறது. ஷா அப்பாஸ் ஒல்லியாக, தோள் குறுகி, கொஞ்சம் குனிந்து நிற்கிறார். ஜஹாங்கீர் அகலமாக, நேராக. பின்னால் சூரியனும் பிறையும் சேர்ந்த பிரம்மாண்டமான வட்டம். அன்பாகக் கட்டிப்பிடிப்பது போல வரைந்து, அதற்குள் இவ்வளவு தள்ளுமுள்ளு!

கனவு கலைய ஏறக்குறைய நாலு வருடம்தான் ஆனது. 1622இல் ஷா அப்பாஸ், முகலாயர் கையிலிருந்த காந்தகார் கோட்டையைப் பிடித்துக்கொண்டார்.

அம்பு விட்டு ஒரு வெட்டுண்ட தலையைத் துளைக்கிற படம் இருக்கிறதே, அதாவது உண்மையில் நடந்ததா?

அதுவும் இல்லை. தலை மாலிக் அம்பருடையது. அபிசீனியாவில் (இன்றைய எத்தியோப்பியா) பிறந்து, அடிமையாக விற்கப்பட்டு, தக்காணத்துக்கு வந்து, அகமத்நகர் அரசையே நடத்திய தளபதி. முகலாயப் படைகளைப் பல வருடம் அலைக்கழித்தவர். அபுல் ஹசன் 1616 வாக்கில் வரைந்த அந்தப் படம் டப்ளினில் செஸ்டர் பீட்டி நூலகத்தில் இருக்கிறது. ஈட்டியில் குத்திய தலை, அதன்மேல் ஆந்தை. ஜஹாங்கீர் உருண்டையின் மேல் நிற்கிறார், உருண்டை ஒரு காளையின் மேல், காளை ஒரு மீனின் மேல். மாலிக் அம்பரை அவரால் பிடிக்க முடியவே இல்லை. அவர் 1626இல் வயதாகி இறந்தார். ஜஹாங்கீர் இறந்தது அதற்கு அடுத்த வருடம்.

இங்கேதான் என் சொந்தக் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். படத்தில் எந்தச் சின்னம் தூக்கலாக இருக்கிறதோ, அந்த நேரத்தில் அரசர் கையில் அது இருந்ததா என்று முதலில் தேடிப் பார்ப்பேன். பல நேரம் இருக்காது. காந்தகார் பற்றிய கவலை இருந்தபோது கட்டிப்பிடிக்கும் படம் வருகிறது. தக்காணத்தில் அடி வாங்கிக்கொண்டிருந்தபோது தலை துளைக்கும் படம் வருகிறது.

மணல் கடிகாரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறார். காலம் முடிந்துவிட்டது என்று அர்த்தமா? அரசர் ஒத்துக்கொண்டாரா?

இது பிசித்ர் 1615-18 வாக்கில் வரைந்தது, இதுவும் ஃப்ரீரில்தான். ஜஹாங்கீரின் ஆசனமே ஒரு பெரிய மணல் கடிகாரம். கீழே இரண்டு குட்டித் தேவதைகள், ‘உன் ஆட்சி ஆயிரம் ஆண்டு நீடிக்கட்டும்’ என்ற வாழ்த்தைக் கண்ணாடியில் எழுதிக்கொண்டிருக்கின்றன. மணலோ இறங்கிக்கொண்டே இருக்கிறது. மேலே இன்னொரு தேவதை முகத்தைப் பொத்திக்கொள்கிறது. இதையெல்லாம் அரசர் ஒத்துக்கொண்டதுதான் இந்தப் படத்தின் அழகு. காலம் தன் கையில் இல்லை என்று தெரிந்த அரசர் என்ன செய்கிறார் என்பதே படம்.

எதிரில் நால்வர். முதலில் அஜ்மீர் தர்காவின் சூஃபி ஷேக் உசேன். அடுத்து துருக்கியின் உதுமானிய சுல்தான். அப்புறம் இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ், அவருடைய இங்கிலாந்துப் படம் ஒன்றைப் பார்த்து வரைந்தது. கடைசியில், கீழே, ஓவியர் பிசித்ரே என்று கருதப்படுபவர். ஜஹாங்கீர் புத்தகத்தை நீட்டுவது ஷேக்கிடம்தான். இரண்டு மன்னர்களும் காத்து நிற்கிறார்கள். இதுதான் நான் சொன்ன திருப்பல்: அதிகாரத்தைக் காட்ட அதிகாரம் இல்லாதவருக்கு முதலிடம் கொடுப்பது. ஆனால் மோசிகீரனார் கதையோடு ரொம்பவும் ஒப்பிட வேண்டாம். சேரன் எழுந்து நின்று வீசினான், ஜஹாங்கீர் ஆசனத்தை விட்டு இறங்கவில்லை. ஷேக்கும் புத்தகத்தை வெறுங்கையால் வாங்காமல், துணியை விரித்து அதில்தான் ஏந்துகிறார். பெரியவர் கொடுப்பதைத் துண்டை விரித்து வாங்குவது நமக்கும் தெரிந்ததுதானே.

அந்த ஓவியர் இந்துவா முஸ்லிமா? பெயரை வைத்துத் தெரியவில்லையே.

அங்கியின் முடிச்சைப் பாருங்கள். அக்பர் காலத்திலிருந்து ஒரு வழக்கம்: முஸ்லிம்கள் வலப்பக்கம் முடிவார்கள், இந்துக்கள் இடப்பக்கம். மஞ்சள் அங்கி போட்ட அந்த மனிதருக்கு முடிச்சு இடப்பக்கம். அவர் கையில் ஒரு குட்டிப் படம் இருக்கிறது, அதில் இரண்டு குதிரை, ஒரு யானை, குனிந்து வணங்கும் ஒரு மனிதர். கிடைத்த சம்பளத்தை எவ்வளவு நாசூக்காகப் பதிவு செய்திருக்கிறார் பாருங்கள். கையெழுத்தை எங்கே போட்டார்? அரசர் கால் வைக்கும் முக்காலியில்.

ஆண் அரசர் காதில் முத்து எதற்கு? வெறும் அலங்காரமா?

இல்லை, இதற்குத் தேதியே இருக்கிறது. 1614இல் ஜஹாங்கீருக்கு உடம்பு சரியில்லாமல் போய்த் தேறியது. அஜ்மீர் தர்காவில் அடங்கியிருக்கும் சூஃபி ஞானி குவாஜா முயினுத்தீன் சிஷ்தியின் அருள் என்று நம்பினார். அவருடைய அடிமை என்று காட்டக் காது குத்திக்கொண்டார். நேர்ந்துகொண்டு மொட்டை போடுவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். அரசர் குத்தியதும் அவையில் பலரும் குத்திக்கொண்டார்கள்.

ஆராய்ச்சியாளருக்கு இது பெரிய உதவி. தேதி எழுதாத ஜஹாங்கீர் படத்தில் காதில் முத்து இருந்தால் 1614க்குப் பிந்தையது என்று சொல்லிவிடலாம்.

இதையெல்லாம் மக்கள் எங்கே பார்த்தார்கள்? அரண்மனை வாசலில் மாட்டினார்களா?

மாட்டவில்லை. பெரும்பாலானவை புத்தகப் பக்கம் அளவுதான். ஆல்பத்தில் கட்டி வைத்து, அரசர், குடும்பத்தார், நெருங்கிய பிரபுக்கள், சில நேரம் வெளிநாட்டுத் தூதர் இவர்கள் பார்த்தார்கள். நம் தெருமுனை பேனர் மாதிரி நினைத்தால் தப்பாகிவிடும். இது உள்வட்டத்துக்கான பேச்சு. பார்ப்பவர் கூர்மையானவர் என்று தெரிந்துதான் ஓவியர் சிங்கத்தின் வாலுக்குக்கூட அர்த்தம் வைக்கிறார். முகத்தை ஒருவரும் புருவத்தை இன்னொருவரும் வரைந்திருந்தாலும் யார் எதை வரைந்தார் என்று சொல்லிவிடுவேன் என்று ஜஹாங்கீரே பெருமையடித்திருக்கிறார்.

ராணிகள் படம் ஏன் இவ்வளவு குறைவு?

ஆண் ஓவியர்கள் அந்தப்புரத்துக்குள் போக முடியாது. அதனால் ‘முகலாய இளவரசி’ என்று விற்கப்படும் படங்களில் பெரும்பாலானவை ஓர் அழகான பெண்ணின் கற்பனை முகம், அவ்வளவுதான். ஜஹாங்கீரின் மனைவி நூர்ஜஹான் துப்பாக்கியில் மருந்து கிட்டிக்கும் அபுல் ஹசனின் படம் ராம்பூர் ரஸா நூலகத்தில் இருக்கிறது, அது விதிவிலக்கு. கையில் பூவும் இல்லை, கல்லும் இல்லை. பெயரும் ஒளிதான்: நூர்ஜஹான், உலகின் ஒளி. நாணயத்தில் அவர் பெயர் பொறித்தார்கள்.

அக்பர் தன் மகுடத்தைப் பேரன் ஷாஜகானுக்குக் கொடுக்கிற படம் பார்த்தேன். நடுவில் மகன் ஜஹாங்கீர் இருந்தாரே?

படத்திலும் இருக்கிறார், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு! 1630-31இல் பிசித்ர் வரைந்தது. ஷாஜகான் இளவரசராக இருந்தபோது 1622இல் அப்பாவை எதிர்த்துக் கலகம் செய்தவர். 1628இல் அரியணை ஏறும்போது போட்டிக்கு நின்ற உறவினர்களைக் கொன்றுவிட்டு ஏறினார். அப்பா ஆசி கொடுத்தார் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? தாத்தா கொடுத்ததாக வரைந்துவிட்டார்கள். அக்பர் இறந்தபோது பேரனுக்கு 13 வயது.

ஜஹாங்கீரும் சளைத்தவர் இல்லை. 1600இல் அவரும் அக்பரை எதிர்த்து அலகாபாத்தில் தனி அவை வைத்தவர்தான். பிற்பாடு அப்பாவின் படத்தைப் பயபக்தியோடு கையில் ஏந்தியபடி தன்னை வரையச் சொன்னார், அது பாரிஸில் கிமே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மாலிக் அம்பர் கேள்வியில் நான் சொன்னதை இதோடும் பொருத்திப் பாருங்கள்.

அப்படியென்றால் சின்னம் நிறைய இருந்தால் அரசர் பலவீனமானவர் என்று சொல்லிவிடலாமா?

வேண்டாம், அது அவசர முடிவு. 1635இல் மயிலாசனத்தில் ஏறிய ஷாஜகானிடம் பணம், படை, நிலம் எல்லாம் இருந்தன. வட்டமும் தேவதைகளும் அவர் படங்களிலும் குறைவில்லை. ஔரங்கசீப் ஆண்ட நிலப்பரப்பு இவர்கள் எல்லாரையும்விடப் பெரியது. ஆனால் அவர் ஜரோக்கா தரிசனத்தையே நிறுத்தினார், பிற்காலப் படங்களில் குனிந்த முதியவராக இருக்கிறார். நான் சொல்வது தேடிப் பார்க்க ஓர் இடம், அளவுகோல் அல்ல.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. 1806இலிருந்து டெல்லியில் முகலாய அரசராக இருந்த இரண்டாம் அக்பர் ஷா, கிழக்கிந்தியக் கம்பெனி கொடுத்த உதவித்தொகையில் காலம் தள்ளினார். அவருடைய படங்களிலும் அதே தங்க வட்டம் இருக்கிறது. அதற்கு முன்பே ராஜஸ்தான் ராணாக்களும் தங்களுக்கு அதைப் போட்டுக்கொள்ள ஆரம்பித்திருந்தார்கள். வட்டம் போட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லையே.

எங்கள் வீட்டில் இந்த மாதிரி ஒரு படம் இருக்கிறது, பின்னால் பாரசீக எழுத்துகூட இருக்கிறது. பழையதா?

பெரும்பாலும் இல்லை. சுற்றுலாப் பயணிகளுக்காகப் பழைய முத்திரைத்தாள், கணக்குப் பேரேட்டுத் தாள் இவற்றின்மேல் புதிதாக வரைந்து விற்கிறார்கள். தாள் பழையது, எழுத்தும் பழையது, படம் மட்டும் நேற்றையது. எழுத்தை யாரையாவது படிக்கச் சொல்லுங்கள். நில விற்பனை பற்றி இருந்தால் விஷயம் முடிந்தது. அங்கி முடிச்சு எந்தப் பக்கம், அக்பர் தலைக்குப் பின்னால் வட்டம் இருக்கிறதா, இளவயது ஜஹாங்கீர் காதில் முத்து தொங்குகிறதா என்று மேலே சொன்னவற்றை வைத்து நீங்களே பாருங்கள். வேலைப்பாடு நன்றாக இருந்தால் மாட்டி வைப்பதில் தப்பே இல்லை, வெயில் படாத சுவராகப் பார்த்து மாட்டுங்கள்.